இரண்டு 375 சேர்ந்தால் ஒரு 625 ஆகிவிடாது: மாத்திரை வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தரும் ஒரு செயலியை நம்பியதால் என் அரை மாதச் சம்பளம் போயிற்று. நேற்றுத்தான் மருத்துவமனையிலிருந்து திரும்பினேன். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயரை மட்டும் சொல்லப்போவதில்லை.

பல்வேரில் சீழ் கட்டியதற்காக மருத்துவர் எழுதித் தந்தது, அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக்கும் அதற்குத் துணையான கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த 625 மில்லிகிராம் மாத்திரை. வேளைக்கு ஒன்று, நாளைக்கு மூன்று, ஐந்து நாளைக்கு. பணம் கட்டிய சற்று நேரத்தில், மருந்தாளுநர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட ஒருவர் அழைத்தார். "625 இருப்பில் இல்லை, 375 அனுப்புகிறோம். வேளைக்கு இரண்டாகப் போட்டுக்கொள்ளுங்கள், 750 ஆகிறது, உங்களுக்கு லாபம்தான்" என்றார். நான் தயங்கியதைக் கவனித்தவர்போல, "625 பெரிய மாத்திரை, தொண்டையில் நிற்கும், இது சிறியது, சுலபமாக இறங்கிவிடும்" என்றும் சேர்த்துக்கொண்டார். அந்த இடத்தில்தான் விழுந்தேன். பெரிய மாத்திரையை இரண்டாக உடைத்து விழுங்கப் போய், அதன் கசப்புத்தூள் மேலண்ணத்தில் ஒட்டிக் குமட்டியெடுத்த அனுபவம் எனக்கு ஏற்கெனவே உண்டு. முகம் தெரியாத ஒருவர் என் தொண்டையைப் பற்றியும் கவலைப்படுகிறாரே என்று நெகிழ்ந்து சரியென்றேன். 15 மாத்திரைக்குப் பதில் 30 வந்தன; அதற்கும் கூடுதலாகப் பணம் கட்டினேன்.

இரண்டாம் நாள் இரவு வயிற்றுப்போக்கு தொடங்கியது. எட்டு முறைக்கு மேல் எண்ணவில்லை. விடியும்போது எழுந்து நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மருத்துவமனையில் நரம்பில் திரவம் ஏற்றினார்கள். மருத்துவர் அட்டையைத் திருப்பி, நான் ஒருநாளும் படிக்காத பொடி எழுத்தைக் காட்டினார். 625 என்பது 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 கிளாவுலானிக் அமிலமும்; 375 என்பது 250 அமாக்சிசிலின், ஆனால் கிளாவுலானிக் அமிலம் அதே 125. இரண்டாகப் போட்டதில் அமாக்சிசிலின் எழுதித் தந்த அளவே கிடைத்தது. வயிற்றைக் கலக்கும் கிளாவுலானிக் அமிலமோ நாளைக்கு 375 மில்லிகிராமிலிருந்து 750 ஆகிவிட்டது. லாபம் என்று அந்த மனிதர் சொன்னது இதைத்தான்!

செயலியின் சேவைப் பிரிவை நான்கு முறை தொடர்புகொண்டேன். ஆன்டிபயாடிக் என்றால் வயிறு கலங்கத்தான் செய்யும் என்றார் முதலாமவர். பிரித்த அட்டையைத் திரும்பப் பெற இயலாது என்றார் அடுத்தவர். மூன்றாமவர், மாற்று மருந்துக்கு நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்று என் சம்மதத்தையே எனக்கெதிராகப் படித்துக் காட்டினார். நான்காம் முறை பேச ஆளே இல்லை. புகார் தீர்க்கப்பட்டது என்று குறுஞ்செய்தி மட்டும் வந்தது. மாத்திரை, மருத்துவமனை, பரிசோதனைகள், நான்கு நாள் சம்பளப் பிடித்தம் எல்லாம் சேர்ந்து அரை மாதச் சம்பளம். அதில் ஒரு காசுகூடத் திரும்பவில்லை.

ஆலோசனைகளை விரிவாக எழுத நினைத்தேன், உடம்பு ஒத்துழைக்கவில்லை. மருந்துச்சீட்டில் உள்ள எண்ணும் அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால், எழுதித் தந்த மருத்துவரைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள். விழுங்கக் கடினம் என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள், திரவ வடிவமும் உண்டு. இந்த மருந்தை உணவு உண்ணத் தொடங்கும்போதே போட்டுக்கொண்டால் வயிற்றுத் தொல்லை குறையும் என்றார் மருத்துவர். வெறும் வயிற்றில் வேண்டாம். மலத்தில் இரத்தம், காய்ச்சல், நிற்காத வயிற்றுப்போக்கு என்றால் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மருந்து முடிந்து சில வாரம் கழித்து வந்தாலும் அப்படியே.