உதவிப் பயிற்சியாளர் சொல்வதைக் கேட்கலாமா? கால்பந்து மேலாண்மை விளையாட்டுகள் குறித்து ஒரு மதிப்புரை

கால்பந்து மேலாண்மை வீடியோ கேம்களில் நாம் பந்தை உதைப்பதில்லை. அணியைத் தேர்ந்தெடுத்து, வியூகம் வகுத்து, ஆட்டம் தொடங்கியதும் கோட்டுக்கு வெளியே நின்று பார்க்கிறோம். அப்படி நிற்கும்போது நம்முடன் பேசுகிற ஒரே ஆள் உதவிப் பயிற்சியாளர்தான். திரையின் ஓரத்தில் அவருடைய ஆலோசனை ஒரு வரியாகத் தோன்றும். ஒரு பொத்தானை அழுத்தினால் அது உடனே செயலுக்கு வந்துவிடும். நெடுநாளாக இவ்வகை விளையாட்டுகளை ஆடிவரும் நான், அண்மையில் அப்படிப்பட்ட ஒரு விளையாட்டில் ஒரு பருவம் முழுவதையும் அவருடைய ஆலோசனைகளைக் குறித்துவைத்துக்கொண்டே ஆடி முடித்தேன். களத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர் பெரும்பாலும் சரியாகவே கவனிக்கிறார் என்பதும், ஆனால் அது எதனால் நடக்கிறது என்று ஆராயாமலேயே மருந்து எழுதிக் கொடுத்துவிடுகிறார் என்பதும் அந்தக் குறிப்புகளிலிருந்து எனக்குத் தெளிவாயின.

ஓர் ஆட்டத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்கிறேன். எழுபதாவது நிமிடத்தில் என் அணி 1-0 என முன்னிலையில் இருந்தது. என்னுடைய நடுத் தற்காப்பு வீரர்கள் இருவருமே உயரமானவர்கள், தலையால் முட்டுவதில் வல்லவர்கள், ஆனால் ஓட்டத்தில் மந்தமானவர்கள். இருபதுக்கு இத்தனை என்று விளையாட்டு தரும் மதிப்பெண்ணில் ஒருவருடைய வேகம் 9, மற்றவருடையது 10. எதிரணி முன்கள வீரரின் வேகமோ 16. அதனால்தான் தற்காப்பு வரிசையைக் கோலுக்கு அருகிலேயே நிறுத்தியிருந்தேன். அப்போது உதவிப் பயிற்சியாளர், நம் நடுக்களத்துக்கும் தற்காப்புக்கும் இடையே எதிரணிக்கு நிறைய இடம் கிடைக்கிறது, வரிசையை முன்னே நகர்த்தலாம் என்றார். அவர் சொன்ன இடைவெளி உண்மையிலேயே இருந்தது. நானும் ஏற்றுக்கொண்டேன். நான்கு நிமிடம் கழித்து, நடுக்களத்திலிருந்து தற்காப்புக்குப் பின்னால் தட்டிவிடப்பட்ட ஒரு பந்தைத் துரத்திக்கொண்டு அந்த முன்கள வீரர் ஓட, என் வீரர்கள் இருவரும் பத்து அடி பின்தங்கினார்கள், கோல் விழுந்தது. அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள், எதிரணி நம் தற்காப்புக்குப் பின்னால் புகுந்துவிடுகிறது, வரிசையைப் பின்னே இழுக்கலாம் என்ற ஆலோசனை வந்தது.

இங்கே என்னை வருத்தியது அந்தக் கோல் அன்று. முதல் ஆலோசனையைச் சொன்னவரும் இரண்டாவதைச் சொன்னவரும் ஒரே ஆள்தான் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லையே என்பதுதான். ஆறு நிமிடத்துக்கு முன் தாம் சொன்னதை அவர் நினைவில் வைத்திருப்பதில்லை. இடைவெளியைக் கண்டபோதும் அதை அடைக்க எத்தனையோ வழிகள் உண்டு: ஒரு நடுக்கள வீரரைத் தற்காப்புக்கு முன்னால் நிலையாக நிறுத்தலாம், முன்னே சென்று எதிராளியை நெருக்கும் தீவிரத்தைக் குறைத்து அணி முழுவதையும் இறுக்கலாம். மந்தமான தற்காப்பு வீரர்கள் இருக்கும்போது வரிசையை முன்னே நகர்த்துவது அவற்றுள் ஆபத்தான வழி. வீரர்களின் வேகம் அவருக்கும் தெரிந்த எண்தான்; ஆலோசனை சொல்லும் நேரத்தில் அவர் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

மாற்று வீரர்கள் விஷயத்தில் அவருடைய குறை இதைவிடப் பெரியது. 2020-இல் தற்காலிகமாக வந்து, 2022-இல் நிலையாக விதிகளில் சேர்க்கப்பட்ட ஏற்பாட்டின்படி, போட்டி அமைப்பாளர்கள் அனுமதிக்கும் இடங்களில் ஓர் அணி ஐந்து வீரர்களை மாற்றலாம். ஆனால் இடைவேளையைத் தவிர்த்து மூன்று முறைதான் அதற்காக ஆட்டத்தை நிறுத்த முடியும். ஆகவே மாற்றங்களை இரண்டிரண்டாகச் சேர்த்துச் செய்வதே முறை. உதவிப் பயிற்சியாளரோ ஒவ்வொரு வீரரும் களைத்துப்போகும் நொடியில் தனித்தனியாக வந்து சொல்கிறார்: 61-ஆவது நிமிடத்தில் ஒருவர், 66-இல் ஒருவர், 72-இல் ஒருவர். மூன்றையும் வந்தபடியே ஏற்றால் வாய்ப்புகள் தீர்ந்துவிடும், இரண்டு மாற்று வீரர்கள் பயன்படாமல் உட்கார்ந்திருப்பார்கள். என் குறிப்பேட்டில் உள்ள ஓர் ஆட்டத்தில், 80-ஆவது நிமிடத்தில் இடது ஃபுல்பேக் (ஓரத் தற்காப்பு வீரர்) காயத்தால் வெளியேறியபோது, பெஞ்சில் அதே இடத்துக்குரிய வீரர் இருந்தும் பத்துப் பேருடன் ஆட வேண்டியதாயிற்று. களைப்பை அவர் கணித்தது மூன்று முறையும் சரிதான். அவர் எண்ணிப் பார்க்காதது எஞ்சியிருந்த வாய்ப்புகளை.

எதிரணி வீரர்களைக் கையாளும் அறிவுரைகளில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஒரு வீரரைப் பலவீனமான காலின் பக்கம் தள்ளு என்பது அவர் ஏறக்குறைய எல்லோருக்கும் தரும் வழி, பொதுவாக நல்ல வழியும்கூட. ஆனால் இடது கால் பழக்கமுள்ள வலது விங்கரை (ஓரமாக ஓடித் தாக்கும் வீரரை) வலது காலுக்குத் தள்ளினால் அவர் எல்லைக்கோட்டை ஒட்டி ஓடி கிராஸ் போடுவார், அதாவது ஓரத்திலிருந்து பந்தைக் கோலுக்கு முன்னே அனுப்புவார். பெனால்டி பகுதிக்குள் நெடிய முன்கள வீரர் ஒருவர் காத்திருந்தால் அந்த கிராஸைத்தான் எதிரணி விரும்பும். உள்ளே யார் நிற்கிறார் என்று பார்க்காமல் விங்கரின் காலை மட்டும் பார்த்துச் சொல்லப்படும் அறிவுரை இது.

சம்பளம் கூட்டிக் கொடுத்துத் தேர்ந்த ஒருவரை அமர்த்தினால் சரியாகிவிடும் என்று பலரும் நினைப்பார்கள். நானும் அதைச் செய்து பார்த்தேன். பருவத்தின் பாதியில், வியூக அறிவு 11 உடையவரை விடுத்து 18 உடையவரை எடுத்தேன். இளம் வீரர்களின் எதிர்காலத் திறனைப் பற்றிய அவருடைய அறிக்கைகள் முன்னவருடையதைவிட எவ்வளவோ நம்பகமாக இருந்தன, அதை மனமாரச் சொல்கிறேன். ஆட்டத்தின் நடுவே வரும் வரிகள் மட்டும் அப்படியே இருந்தன, சொல்கூட மாறவில்லை.

உண்மையான கால்பந்தில் இந்தப் பதவி எவ்வளவு கனமானது என்பதை நினைக்கும்போதுதான் இந்தக் குறை உறுத்துகிறது. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் பிரையன் கிளஃபுக்குத் துணையாக இருந்த பீட்டர் டெய்லர், வீரர்களை இனங்காணும் கண்ணுக்காகவே இன்றும் பேசப்படுகிறார். 1974-இல் அவர் பிரைட்டன் கிளப்பிலேயே தங்கிவிட, லீட்ஸ் யுனைடெட்டுக்குத் தனியே போன கிளஃப் அங்கே 44 நாள்தான் நீடித்தார். 1976-இல் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டில் இருவரும் மறுபடி சேர்ந்தார்கள். 1978-இல் இங்கிலாந்தின் லீக் பட்டமும், 1979, 1980 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பியக் கோப்பையும் வந்தன. அந்த வெற்றிகளுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், தலைமைப் பயிற்சியாளர் காணாததைக் கண்டு சொல்லும் ஓர் ஆள் அருகில் இருப்பதன் மதிப்பு அதில் தெரிகிறது. விளையாட்டிலும் அதைத்தான் தேடுகிறேன்.

இப்போது நான் பயன்படுத்தும் முறையைச் சொல்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும். பயிற்சி அட்டவணை, நட்புப் போட்டிகள், அடுத்த எதிரணியைப் பற்றிய அறிக்கை ஆகியவற்றை முழுவதுமாக அவரிடம் விட்டுவிட்டேன். அந்த அறிக்கையில் எதிரணி எந்தப் பக்கமாக அதிகம் தாக்குகிறது, எந்த நேரத்தில் கோல் வாங்குகிறது என்பவை நம்பத்தக்கவை. ஆட்டத்துக்கு முன் கட்டாயம் படியுங்கள். ஆட்டத்தின் போது வரும் ஆலோசனையில் முதல் பாதியை மட்டும் படிக்கிறேன். ‘இடது பக்கம் திறந்து கிடக்கிறது’ என்றால், ஆட்டத்தை நிறுத்தி, கடைசி ஐந்து நிமிடக் காட்சியை ஓட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்து ஃபுல்பேக் களைத்திருக்கிறாரா, விங்கர் திரும்பி வந்து உதவவில்லையா என்று கண்டுபிடிக்கிறேன். வரியின் மறுபாதியில் இருக்கும் தீர்வை உடனே செயலாக்கும் பொத்தானை நான் தொடுவதேயில்லை. இந்த விளையாட்டுகளை உருவாக்குகிறவர்கள் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘ஏன்?’ என்று இன்னொரு பொத்தானை வைத்து, எந்த வீரரின் எந்தத் திறனைக் கணக்கில் எடுத்தார் என்பதையும், போன முறை இதே ஆலோசனையைக் கேட்டபோது என்ன ஆயிற்று என்பதையும் அவர் வாயாலேயே சொல்லவைத்தால், அடுத்த பருவத்தை அவருடைய பேச்சைக் கேட்டே ஆட நான் தயாராக இருக்கிறேன்.