பாதர் பிரவுண்: குடையோடு வந்த துப்பறிவாளர்

கிறிஸ்தவ நாவல் என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். பாதிக் கதையில் பிரசங்கம் வந்துவிடும், கடைசியில் எல்லாரும் மனந்திரும்பிவிடுவார்கள், குற்றவாளி யார் என்பதே மறந்துபோகும். ஆங்கில எழுத்தாளர் செஸ்டர்டனின் பாதர் பிரவுண் துப்பறியும் கதைகள் அப்படியில்லை. 1911இல் வந்த முதல் தொகுப்பில் 12 சிறுகதைகள், டச்சுக்குடாக் கரையில் இரண்டு பின்னேரங்களில் முடித்துவிட்டேன்.

குள்ளமான, வட்ட முகமுள்ள, குடையைக் கையாளத் தெரியாத ஒரு கத்தோலிக்கச் சுவாமிதான் பாதர் பிரவுண். பாவசங்கீர்த்தனத்தில், அதாவது ஆட்கள் தங்கள் பாவங்களைக் குருவானவரிடம் அறிக்கையிடும்போது, மனிதர் செய்யும் கெட்டதையெல்லாம் கேட்டுக்கேட்டே குற்றவாளியின் மனசைப் படிக்கப் பழகியவர், அதனால்தான் அவர் துப்பறிவது நம்பும்படி இருக்கிறது. முதல் கதையில் பாதிரி வேடம் போட்ட திருடன் பிளம்போவை அவர் இனங்காண்பது, அவன் பகுத்தறிவைத் தாழ்த்திப் பேசியதால்! அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விசுவாசமும் புத்தியும் எதிரிகள் இல்லை என்று ஒரு பிரசங்கமும் வைக்காமல் சொல்லிவிடுகிறார் செஸ்டர்டன். இத்தனைக்கும் அவர் கத்தோலிக்கரானது 1922இல்தான்.

குறை இருக்கிறது. ஒரு கதையில் இந்தியத் துறவி ஒருவரை எழுதியிருக்கும் விதம் எனக்குக் கோபத்தைத்தான் தந்தது, கிழக்கத்தியர் என்றாலே மர்மம், ஆபத்து என்ற அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பார்வை. ஆங்கிலமும் இலேசில்லை, வர்ணனை நீளும்.

சரி, வாங்கலாமா? கட்டாயம் வாங்குங்கள், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு கதைக்கு மேல் வாசிக்காதீர்கள்.