2013-இல் வாங்கிய டெஸ்க்டாப்பை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன்

கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், அவ்வப்போது ஒரு புத்தக வடிவமைப்பு என்று வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். அதற்காக 2013-இல் அசெம்பிள் செய்து வாங்கிய சிஸ்டம் இது: இன்டெல் ஐ5-3470, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். 2020 ஜனவரியில் விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியதும் விண்டோஸ் 10 போட்டேன். அதோடு பெட்டி படுத்துவிட்டது. சுவிட்சைத் தட்டிவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தாலும் டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

"சார், இது ரொம்பப் பழைய ஜெனரேஷன். புதுசா எடுத்துடுங்க" என்றார் வழக்கமாக வரும் சர்வீஸ் தம்பி. அவர் போட்டுக்கொடுத்த கொட்டேஷன் நாற்பதாயிரத்தைத் தொட்டது. அன்று இரவு, எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. சிபியு 10-ஐத் தாண்டவில்லை. பிராசஸர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்திருக்கிறது, பழி மட்டும் அதன் மேல்.

அதனால் முதலில், ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும், சுழலும் பாகம் இல்லாத 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று வாங்கினேன், 2,700 ரூபாய். டிஸ்கை இணைக்க என் எச்61 போர்டில் இருப்பது 'சாட்டா 2' என்ற பழைய, வேகம் குறைந்த வகைப் போர்ட் மட்டும்தான். அட்டைப்பெட்டியில் நொடிக்கு 500 எம்பிக்கு மேல் என்று போட்டிருந்தாலும் எனக்குக் கிடைத்தது 260 சொச்சம். இது பெரிய குறையே இல்லை. ஹார்டு டிஸ்கில் நேரத்தைத் தின்பது, சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடி அதன் முள் அங்குமிங்கும் ஓடுவதுதான். எஸ்எஸ்டியில் அந்த ஓட்டமே கிடையாது. மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்த பூட் 25 நொடிக்கு வந்தது.

இதில் ஒரு முட்டாள்தனமும் செய்தேன். விண்டோஸ் எல்லாம் போட்டு முடித்த பிறகுதான், மதர்போர்டின் அமைப்புகள் இருக்கும் பயாஸில், டிஸ்கைப் பழைய முறையில் இயக்கும் ஐடிஇ மோடு என்று இருப்பதைக் கவனித்தேன். புதிய முறையான ஏஎச்சிஐ என்று மாற்றினேன், விண்டோஸ் ஏறாமல் நீலத் திரை. சேஃப் மோடில் ஒருமுறை ஏற்றி இறக்கினால் சரியாகிவிடும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அன்று மறுபடி முதலிலிருந்து போட்டு முடிக்க ராத்திரி ஒரு மணி.

அப்புறம் ராம். இணையத்தில் 8 ஜிபி டிடிஆர்3 ஒன்று நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தது. நம்பியிருக்கக் கூடாது. மாட்டினால் திரை வரவில்லை, பீப் சத்தம்தான். பள்ளிக்கூட ரப்பரை எடுத்துத் தங்க நிறப் பற்களை அழித்து அழித்துத் துடைத்தேன், ஸ்லாட்டை மாற்றினேன், அதே பீப். கடைசியில் பூதக்கண்ணாடி வைத்து ஸ்டிக்கரைப் பார்த்தால், மூலையில் 'ஏஎம்டி' என்று பொடி எழுத்து. பழைய ஏஎம்டி போர்டுகளில் மட்டும் வேலை செய்யும் ராம் இப்படி மலிவாக விற்கிறார்களாம். திருப்பி அனுப்பும் கெடுவும் தாண்டிவிட்டது. பிறகு கடைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், மாட்டிக் காட்டச் சொல்லி 4 ஜிபி ஒன்று வாங்கினேன். மொத்தம் 8 ஜிபி. என் போர்டு 16 வரை தாங்கும். ஆனால் ஃபோட்டோஷாப்பும் பத்துப் பிரவுசர் டேபும் திறந்திருக்கும்போதும் எட்டே போதுமானதாக இருந்தது.

2022-இல் ஆசை விடவில்லை. செகண்ட் ஹேண்டில் ஐ7-3770 ஒன்று 4,500 ரூபாய்க்கு வாங்கினேன். கூலரைக் கழற்றியபோது, பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் விபூதி மாதிரி உதிர்ந்தது; கூலரின் நான்கு பிளாஸ்டிக் பின்களைத் திரும்ப அழுத்தி உட்கார வைப்பதற்குள் போர்டே வளைந்துவிடுமோ என்று பயமாகிவிட்டது. பலன்? பெரிய பிடிஎஃப் எடுக்கும்போது கொஞ்சம் சீக்கிரம் முடிகிறது. மற்றபடி ஒரு மாற்றமும் இல்லை. மொத்தச் செலவில் வீண் என்று சொன்னால் இதுதான்.

நான் முதலிலேயே மாற்றியிருக்க வேண்டியது, எல்லாப் பாகங்களுக்கும் கரெண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். கேபினெட்டோடு இலவசமாக வந்த '450 வாட்' பெட்டியை நம்பிப் பத்து வருடம் ஓட்டியிருக்கிறேன். 2023 கோடையில் ஒரு நாள் கரெண்ட் போய் வந்ததும் லேசாகத் தீய்ந்த வாசனை. கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு கெப்பாசிட்டர் இட்லி மாதிரி உப்பியிருந்தன. போர்டையும் டிஸ்கையும் இழுத்துக்கொண்டு போகாமல் தப்பித்தது என் நல்ல நேரம். உருப்படியான எஸ்எம்பிஎஸ் 2,600 ரூபாய் ஆனது.

அதே ஆண்டு திடீரென்று எந்த இணையதளமும் திறக்கவில்லை, எல்லாம் பாதுகாப்பு எச்சரிக்கை. வைரஸ் என்று பயந்தேன். மூலையில் தேதியைப் பார்த்தால் 2012. கடிகாரத்தை ஓட வைக்க மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்திருக்கிறது. முப்பது ரூபாயில் முடிந்தது.

கடைசியில் இந்தப் பெட்டியை மடக்கியது வேகம் இல்லை. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், என்னுடையது மூன்றாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. குறுக்கு வழியில் 11 போடலாம்தான். தொழில் நடக்கும் சிஸ்டத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். தமிழ்99 விசைப்பலகை உடனே அமைந்துவிட்டது. பிரவுசர், மெயில், யுனிகோடு தட்டச்சு எல்லாம் சுகமாக நடக்கிறது. யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற விண்டோஸ் மென்பொருளில் செய்துவைத்த பழைய ஃபைல்கள்தான் தகராறு. அவற்றுக்காகப் பழைய ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் 10-ஐ வைத்திருக்கிறேன், நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டுத்தான் அதில் நுழைவேன்.

எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் அடுத்த சிஸ்டத்துக்கும் ஆகும். அந்த ஏஎம்டி ராம் மட்டும் மேசை டிராயரில் கிடக்கிறது. பழைய ஏஎம்டி போர்டு வைத்திருப்பவர் யாராவது கேட்டால் சும்மாவே கொடுத்துவிடுவேன்.