கப்பல் பயணம் ரத்தானால் காசு யார் கையில்?

2020 மார்ச் 13 அன்று, கொரோனாவால், அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து ஓடும் பெரிய க்ரூஸ் (உல்லாசக் கப்பல்) நிறுவனங்கள் கப்பல்களை நிறுத்துவதாக அறிவித்தன. முதலில் சொன்னது 30 நாள். அங்கே ஒரு பெரிய கப்பல் மறுபடி கட்டணப் பயணிகளோடு கிளம்பியபோது 2021 ஜூன் 26 ஆகியிருந்தது. ஃபோர்ட் லாடர்டேலிலிருந்து போன செலிபிரிட்டி எட்ஜ்தான் அது. இடைப்பட்ட அந்த ஒன்றேகால் வருடத்தில், வாங்கிவைத்த பணத்தை எந்த நிறுவனம் எப்படித் திருப்பித் தருகிறது என்பது வெட்டவெளிச்சமானது.

ராயல் கரீபியன், நார்வீஜியன், பிரிட்டனின் பி அண்ட் ஓ மூன்றும் ஏறக்குறைய ஒரே வழியில் போயின. பணமாக வேண்டுமென்றால் 100 சதவீதம், அடுத்த பயணத்துக்கான வரவுச் சீட்டாக எடுத்துக்கொண்டால் 125 சதவீதம். 2,000 டாலர் கட்டியவருக்கு 2,500 டாலர் சீட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மளிகைக் கடையில் சில்லறைக்குப் பதில் மிட்டாய் தருவார்களே, அந்தக் கதைதான்: அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. ராயல் கரீபியன் சீட்டைப் பயணக் கட்டணத்தில்தான் கழிக்க முடிந்தது, வரியிலும் துறைமுகக் கட்டணத்திலும் முடியாது. மேலே கொடுத்த 25 சதவீதத்தைக் காசாகவும் கேட்க முடியாது.

கார்னிவல் வேறு மாதிரி யோசித்தது. சீட்டு 100 சதவீதம்தான். கூடவே நீண்ட பயணங்களுக்கு 600 டாலர் வரை கப்பலுக்குள் செலவழிக்கும் பணம். குறைந்த விலை டிக்கெட் எடுத்தவருக்கு இது 25 சதவீதத்தைவிட லாபம். விலை உயர்ந்த கேபின்காரருக்கு நஷ்டம்.

என் கணக்கில் இந்தச் சதவீதங்களைவிட முக்கியமானது ஒன்று உண்டு. நீங்கள் ஒன்றுமே செய்யாமல் இருந்தால் என்ன கிடைக்கும்? அப்போது நார்வீஜியனில் சும்மா இருந்தால் சீட்டு வந்துவிட்டது. பணம் வேண்டுமென்றால் குறித்த நாட்களுக்குள் படிவம் நிரப்ப வேண்டியிருந்தது, அப்புறம் 90 நாள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மின்னஞ்சலைக் கவனிக்காத ஆள் சீட்டோடு நின்றார். எனக்கு இது பிடிக்கவில்லை.

சரி, ரத்து செய்வது நாமாக இருந்தால்? இங்கே வித்தியாசம் பெரிது. வட அமெரிக்க முன்பதிவுகளுக்குப் பல வருடமாக இருந்துவரும் அட்டவணையில், ஒரு வாரப் பயணத்துக்கு 70 நாள் முன்பு ரத்து செய்தால் ராயல் கரீபியன் பாதியை எடுத்துக்கொள்ளும். கார்னிவல் முன்பணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விட்டுவிடும். 40 நாள் முன்பு என்றால் முன்னது 75 சதவீதம், பின்னது 50. 20 நாள் இருக்கும்போது மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டீர்கள் என்று வையுங்கள்: 2,000 டாலரில் கார்னிவல் 500 திருப்பித் தரும், ராயல் கரீபியனில் கட்டணம் முழுதும் போச்சு. ஏறாத பயணத்தின் வரியும் துறைமுகக் கட்டணமும் மட்டும் திரும்ப வரும். அதைக் கேட்டு வாங்க மறக்காதீர்கள். ‘ரீஃபண்ட் இல்லாத முன்பணம்’ என்று விலை குறைத்து விற்கும் டிக்கெட்டுகள் இந்தக் கணக்கிலேயே வராது. விதிகளை அவ்வப்போது மாற்றுவார்கள் என்பதால் பணம் கட்டும் நாளில் ஒப்பந்தத்தை ஒருமுறை திறந்து பாருங்கள்.

சட்டத்தைப் பார்த்தால் பிரிட்டன்தான் மேல். 2018 முதல் அமலில் உள்ள பேக்கேஜ் பயண விதிகளின்படி, நிறுவனம் ரத்து செய்தால் 14 நாளில் முழுப் பணமும் வர வேண்டும். சீட்டை வலுக்கட்டாயமாகத் தலையில் கட்ட முடியாது. 2020இல் பல நிறுவனங்கள் அந்த 14 நாளைத் தாண்டின என்பது வேறு விஷயம். சண்டை போடக் கையில் ஒரு சட்டமாவது இருந்தது. அமெரிக்காவில் கப்பல் ரத்தானாலோ மூன்று நாளோ அதற்கு மேலோ தாமதமானாலோ பணம் கேட்கலாம் என்று தெளிவான விதி 2022 ஏப்ரலில்தான் வந்தது. அதிலும் கெடு 180 நாள்!

கம்பெனியே மூழ்கினால்? 2020 ஜூலையில் பிரிட்டனின் க்ரூஸ் அண்ட் மாரிடைம் வாயேஜஸ் திவாலானபோது, பயணிகளுக்கு ஆப்டா, அட்டால் என்ற பாதுகாப்புத் திட்டங்கள் கைகொடுத்தன. 2022 ஜனவரியில் கிரிஸ்டல் க்ரூஸஸ் நிறுவனம் நொடித்துப்போனது. எரிபொருள் பாக்கிக்காக மயாமியில் கப்பலைப் பிடிக்க உத்தரவு காத்திருந்ததால், கிரிஸ்டல் சிம்பொனியை பயணிகளோடு பஹாமாஸின் பிமினிக்குத் திருப்பிவிட்டார்கள். பின்னால் பயணம் போக முன்பணம் கட்டியிருந்தவர்கள், கடன் கொடுத்தவர்களோடு சேர்ந்து கோரிக்கை மனு போட வேண்டியதாயிற்று. ஆடம்பரத்துக்குப் பேர் போன நிறுவனம் அது. மூன்று வருட உலகப் பயணம் விற்ற லைஃப் அட் சீ 2023 நவம்பரில் செய்தது இன்னும் மோசம்: வாங்குவதாக இருந்த கப்பல் கைநழுவியது, கிளம்பச் சில நாளே இருக்கும்போது ரத்து, பணம் மாதத் தவணையில் என்று அறிவிப்பு.

நம்மூரிலிருந்து போகிறவருக்கு இன்னொரு ஓட்டை. சென்னையிலிருந்து விமானத்தில் பார்சிலோனா போய்க் கப்பல் ஏறுவதாக இருந்தால், கப்பல் ரத்தானால் கப்பல் கட்டணம் வரும். நீங்கள் தனியாக எடுத்த விமான டிக்கெட்டும் 90 யூரோ ஷெங்கன் விசாக் கட்டணமும் வராது. சில நிறுவனங்கள் டிக்கெட் மாற்றும் செலவில் ஒரு பகுதியைத் தரும். அது அவர்கள் மனசு. இன்னொன்று, ரீஃபண்ட் பணம் கட்டிய கார்டுக்கே திரும்பும். ஏஜென்ட் தன் கார்டில் கட்டியிருந்தால் அவர் கணக்குக்குத்தான் போகும், அப்புறம் அவர் பின்னால் அலைய வேண்டும். உங்கள் கார்டில், கப்பல் நிறுவனத்தின் பெயரிலேயே கட்டுங்கள். ஏஜென்டுக்குக் கமிஷன் எப்படியும் போய்விடும்.