தொண்டைச் செருமலுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்றால், கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

அம்பாசமுத்திரத்தில் எங்கள் மதினி பள்ளிக்கூட டீச்சர். நாள் முழுக்கப் பேசியாக வேண்டிய வேலை. அவருக்கு ஓயாத தொண்டைச் செருமல், குரல் கம்மல், தொண்டையில் உருண்டை அடைத்தாற்போல ஓர் உணர்வு. நெஞ்செரிச்சலோ எதுக்களிப்போ பெரிதாகக் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எண்டோஸ்கோபி மட்டும் பார்த்துவிட்டு, "ஆசிட் மேலே ஏறுது, வால்வு லூசா இருக்கு, லேப்ராஸ்கோபியில சரி பண்ணிட்டா மாத்திரையே வேண்டாம்" என்றார்கள். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைக்கும் ஃபண்டோபிளிகேஷன் ஆபரேஷன் அது.

ஆபரேஷன் முடிந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. செருமல் அப்படியேதான் இருக்கிறது. ஏப்பம் விட முடியாமல் வயிறு உப்புவதும், சோறு நெஞ்சில் நின்று நின்று இறங்குவதும்தான் புதிதாக வந்தவை. திரும்பப் போனால், "தையல் நல்லா இருக்கு, எல்லாம் உங்க மனசுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். குரலை வைத்துப் பிழைக்கிறவரிடம் சொல்கிற பேச்சா இது?

அப்புறம் மதுரையில் வேறொரு டாக்டர் ஃபைலைப் புரட்டியதும் 24 மணி நேர பிஹெச் டெஸ்ட்டும் மேனோமெட்ரியும் எங்கே என்று கேட்டார். இரண்டுமே எடுக்கவில்லை. முதலாவதில் மூக்கு வழியே மெல்லிய குழாயை உணவுக்குழாயில் விட்டு, பிஹெச் (இந்த எண் குறையக் குறைய ஆசிட் அதிகம்) 4-க்குக் கீழே எவ்வளவு நேரம் இறங்குகிறது என்று பதிவு செய்வார்கள். ஆசிட் உண்மையிலேயே ஏறுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும். மேனோமெட்ரி, உணவுக்குழாய் உணவைத் தள்ளும் பலத்தைக் காட்டும். பலம் குறைவென்றால் 360 பாகை முழுச்சுற்றுக்குப் பதில் 270 பாகை பகுதிச்சுற்றுப் போடலாமா என்று யோசிப்பார்கள்.

ஆபரேஷனையே நான் குறை சொல்லவில்லை. ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற சர்ஜன் 1956-ல் வெளியிட்ட முறை, இன்றும் நெஞ்செரிச்சலுக்கும் எதுக்களிப்புக்கும் நன்றாகவே கைகொடுக்கிறது. தொண்டைத் தொந்தரவு மட்டும் இருப்பவர்களுக்கு அவ்வளவு உறுதி கிடையாது. ஆசிட் மாத்திரையே கேட்காதவர்களுக்கு இன்னும் குறைவு. மதினிக்கு பான்டோபிரசோல் துளியும் கேட்கவில்லை. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? அலர்ஜி, மூக்கிலிருந்து பின்பக்கம் வடியும் சளி, ஓயாமல் பேசிக் குரல்நாணில் வரும் முடிச்சு என்று செருமலுக்குக் காரணங்கள் எத்தனையோ. ஒரு இஎன்டி டாக்டரிடம்கூட அனுப்பவில்லை.

இன்னொன்று, ஆபரேஷன் நோட்ஸைக் கேட்டு வாங்கிவிடுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேடுகளைத் தர வேண்டும் என்று 2002-ம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. எங்களுக்குக் கிடைத்தது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும்தான். போட்டது முழுச்சுற்றா பகுதிச்சுற்றா என்று அதில் ஒரு வரிகூட இல்லை.