ப்ளூஸுக்கு மஹாகனி கிடார்: மார்ட்டின் 000-15எம் எவ்வளவு தூரம் தாங்கும்?

அமெரிக்க நிறுவனமான மார்ட்டினின் 000-15எம் கிடாரில் டாப் (மேல்பலகை), பேக் (பின்பலகை), சைடு (பக்கப்பலகை) எல்லாமே திட மஹாகனி, பிளை அல்ல. ஓரங்களில் பைண்டிங் (அலங்காரப் பட்டி) கிடையாது, பிக்கார்டு (கீறலைத் தடுக்கும் தகடு) கிடையாது, பளபளப்பும் கிடையாது. பென்சில்வேனியாவின் நாசரேத் ஆலையில் தயாராகும் மார்ட்டின்களில் விலை குறைந்த வரிசைகளில் ஒன்று. என்றாலும் இந்தியாவில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் இசையான ப்ளூஸ் வாசிக்க எந்தக் கிடார் என்று கேட்பவர்களுக்கு உடனே சொல்லப்படும் பெயர்களில் இதுவும் உண்டு. ஏன் என்றால் "மஹாகனி, அதனால்தான்" என்பார்கள். அதில் பாதி உண்மை.

ஒற்றைக் கிடாரில் ப்ளூஸ் வாசிக்கும்போது கட்டைவிரல் நான்கு தட்டுக்கும் பேஸ் கம்பியை அடித்துக்கொண்டே போகும். உள்ளங்கையின் விளிம்பு பிரிட்ஜ் (டாப்பில் கம்பிகளைத் தாங்கும் கட்டை) மேல் லேசாக உட்கார்ந்து அந்த ஒலியைப் பாதியில் அமுக்கும். மற்ற விரல்கள் மேல் கம்பிகளில் சின்னச் சின்ன வரிகளாகப் பதில் சொல்லும். பேஸ் நீண்டு தங்கினால் இரண்டும் குழம்பிவிடும். சட்டென எழுந்து சட்டென அடங்கும் ஒலிதான் இங்கே தேவை. மஹாகனி டாப் அதைத் தருகிறது. பல கிடார்களின் டாப்பில் வரும் ஸ்ப்ரூஸைவிடக் கனமான மரம், அதிர்வை உள்ளுக்குள்ளேயே தின்றுவிடும் குணமும் கூடுதல். ஓவர்டோன்கள் (ஸ்வரத்தோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகள்) சீக்கிரம் கரைந்து, அடித்த ஸ்வரம் மட்டும் முன்னால் நிற்கும். 000 என்று மார்ட்டின் குறிக்கும் உடலின் அளவும் கைகொடுக்கிறது. கீழ்ப்பகுதி அகலம் 15 அங்குலம், ஆழம் நாலு அங்குலத்துக்குச் சற்று மேல். ட்ரெட்நாட் எனும் பெரிய உடல் கிடாரில் வரும் பேஸ் வீக்கம் இதில் இல்லை.

குறையும் அதே மரத்திலிருந்துதான் வருகிறது. மெல்லத் தொட்டாலே 000-15எம் முழுதாகப் பேசும். ஆனால் ஓங்கி அடித்தால் சத்தம் அந்த அளவுக்கு ஏறாது, ஒரு கட்டத்தில் அமுங்கிக்கொள்ளும். மைக் முன்னால் வாசிப்பவருக்கு இது வசதி. பக்கத்தில் இன்னொரு கிடாரும் ஹார்மோனிகாவும் இருந்தால் மஹாகனி டாப் காதிலேயே விழாது. கம்பி விரல்பலகையில் அறைந்து திரும்பும்படி அடிக்கும் மிசிசிப்பியின் டெல்டா பாணிக்கு ஸ்ப்ரூஸ் டாப்தான் சரி. விரலால் நிதானமாக வாசிக்கும் தென்கிழக்கு அமெரிக்காவின் பீட்மான்ட் பாணிக்கு இந்த மார்ட்டின் பொருந்தும்.

மஹாகனியை ப்ளூஸின் பாரம்பரிய மரம் என்று விற்பதை அப்படியே நம்ப வேண்டாம். பழைய ப்ளூஸ் கலைஞர்களில் சார்லி பேட்டன் வாசித்த ஸ்டெல்லா கிடார், ஜெர்ஸி சிட்டியின் ஆஸ்கர் ஷ்மிட் ஆலையில் மலிவாகச் செய்யப்பட்டது. ஸ்டெல்லாக்களில் பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் டாப், பிர்ச் உடல். பிர்ச்சுக்கு மேலே சாயம் பூசி விலை உயர்ந்த மரம்போலக் காட்டினார்கள். ராபர்ட் ஜான்சன் ஸ்டுடியோவில் எடுத்துக்கொண்ட படத்தில் இருப்பது கிப்ஸன் எல்-1. ரெவரெண்ட் கேரி டேவிஸ் வாசித்ததோ பெரிய மேப்பிள் உடல் கொண்ட கிப்ஸன் ஜே-200. மார்ட்டின் 1922-இல் ஸ்டீல் கம்பிக்கென 2-17 மாடலுக்கு மஹாகனி டாப் போட்டதில்கூட விலையைக் குறைக்கும் கணக்கு இருந்தது. அன்று யாரும் மரத்தைத் தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. கையில் கிடைத்ததை வாசித்தார்கள்.

அந்தப் பழைய ஒலியில் மரத்தைவிட டாப்பைத் தாங்கும் உள்கட்டைகளான பிரேஸிங்குக்குத்தான் பங்கு அதிகம். ஸ்டெல்லாவிலும் கிப்ஸனின் மலிவு பிராண்டான கலமஸூவிலும் டாப்புக்கு அடியில் கட்டைகள் ஏணிப்படிபோலக் குறுக்காக ஒட்டப்பட்டிருக்கும். நடுத்தர ஓசை முன்னால் துருத்தும், பேஸ் மெலிந்து வரும், ஒலி சீக்கிரம் செத்துவிடும். 000-15எம்மில் இருப்பது கட்டைகள் X வடிவில் வெட்டிக்கொள்ளும் எக்ஸ் பிரேஸிங், ஆகவே ஒலி உருண்டையாக, சீராக வரும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ள நல்ல வழி டெக்ஸஸின் வாட்டர்லூ டபிள்யூஎல்-14. ஒரே உடல், ஏணி, எக்ஸ் இரண்டு பிரேஸிங்கிலும் வருகிறது. அடுத்தடுத்து வாசித்தால் எந்த மரம் என்ற கேள்வியே பின்னுக்குப் போய்விடும்.

பேக், சைடு மரத்துக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது அதைவிட வீண். 2018-இல் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பின்பக்க மரம் மட்டும் மாறும்படி செய்த ஆறு கிடார்களை 52 கலைஞர்களிடம் கொடுத்து, எது எது என்று தெரியாமல் வாசிக்கச் சொன்னார்கள். பிரேசில் ரோஸ்வுட்டும் மஹாகனியும், மஹாகனி போன்ற சப்பேலேவும் ஏறக்குறைய ஒரே மதிப்பெண் வாங்கின. இந்திய ரோஸ்வுட் என்று விளம்பரத்தில் வருவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம்தான். பிரேசில் மரம் கிடைப்பது கடினமானதும் 1969-இல் மார்ட்டின் இதற்கு மாறியது. பார்க்க அழகு, சந்தேகமில்லை. ப்ளூஸுக்கு அது அவசியமில்லை.

கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும் பெண்டிங்கில்தான் 000-15எம் கொஞ்சம் சோதிக்கிறது. ப்ளூஸின் மூன்றாம் ஸ்வரம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே எங்கோ நிற்பது. கம்பியைத் தள்ளித்தான் அங்கே போக வேண்டும். இதன் ஸ்கேல் நீளம், அதாவது அதிரும் கம்பியின் நீளம், 25.4 அங்குலம். கிப்ஸன் எல்-00-இல் 24.75. அதே கம்பி, அதே சுருதி என்றால் கிப்ஸனில் இழுவிசை சுமார் 5 சதவீதம் குறைவு, விரல் அதை உடனே உணரும். மார்ட்டினில் 12-54 செட்டைப் (முதல் கம்பி 0.012, ஆறாம் கம்பி 0.054 அங்குலத் தடிமன்) போட்டு அரைச் சுருதி இறக்கிக்கொண்டால் அந்த வித்தியாசம் தீர்ந்துவிடும். சிலர் உலோக இழை சுற்றிய சுற்றுக்கம்பியாக வரும் மூன்றாம் கம்பியைக் கழற்றிவிட்டு 0.020 வெறுங்கம்பி போடுகிறார்கள். பெண்ட் எளிதாகும், ஆனால் சாடில் (பிரிட்ஜில் கம்பிகள் அமரும் பட்டை) சுற்றுக்கம்பிக்கு ஏற்பச் சீவப்பட்டிருப்பதால் மேல் ஃபிரெட்களில் (விரல்பலகையின் குறுக்கு உலோகக் கம்பிகள்) சுருதி ஏறி நிற்கும். அந்த இடத்தில் சாடிலின் உச்சியைப் பின்னால் தள்ளிச் சீவாமல் இதைச் செய்யக் கூடாது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் அமரும் நட்டின் அகலம் 42.9 மி.மீ. கட்டைவிரலைக் கழுத்துக்கு மேல் வளைத்து ஆறாம் கம்பியைப் பிடிக்க வசதி. தடித்த விரல்காரர்கள் 44.5 மி.மீ. தேடட்டும்.

ஃபாஸ்ஃபர் பிரான்ஸ் கம்பியில் இந்தக் கிடார் சற்று மந்தமாகத் தோன்றலாம். 80/20 பிரான்ஸ் கூர்மை தரும், நிக்கல்-செம்புக் கலவையான மோனெல் கம்பி உலர்ந்த பழைய ஒலியைத் தரும். ஆக்‌ஷன் (ஃபிரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம்) 12-ஆம் ஃபிரெட்டில் ஆறாம் கம்பிக்கு 2.4 மி.மீ., முதல் கம்பிக்கு 1.6 மி.மீ. இருந்தால் விரலுக்குச் சுகம். ஸ்லைடும் (விரலில் மாட்டிக் கம்பி மேல் வழுக்கும் குழாய்) வாசிப்பதென்றால் 3 மி.மீ. வரை உயர்த்தி 13-56 செட் போட வேண்டும், இல்லையென்றால் ஸ்லைடு ஃபிரெட்டில் இடித்துக் கடகடக்கும். இரண்டு உயரத்துக்கும் இரண்டு சாடில் வைத்துக்கொள்வது மலிவான தீர்வு. மஹாகனி மென்மையான மரம், பிக்கார்டும் இல்லை என்பதால் நகமும் கட்டைவிரலில் மாட்டும் தம்ப் பிக்கும் கோடு போட்டே தீரும். தேய்ந்த தோற்றத்தையே ஆலையில் செய்து தரும் ஸ்ட்ரீட்மாஸ்டர் ரகமும் உண்டு. அந்தத் தேய்மானம் நம் கையால் இலவசமாகவே வந்துவிடும்.

பட்ஜெட் இடிக்கிறதா? யமஹா எஃப்எஸ்800 எடுக்கலாம். திட ஸ்ப்ரூஸ் டாப், 634 மி.மீ. ஸ்கேல், சிறிய உடல். பேக்கும் சைடும் பிளை மரம், அது குறையே இல்லை. எலும்பு சாடில் போட்டு ஆக்‌ஷனைச் சரிசெய்தால் டெல்டா பாணிக்கு மார்ட்டினைவிடத் துணிந்து அடிக்கலாம். "மஹாகனி ஃபினிஷ்" என்று எழுதியிருப்பவற்றிடம் மட்டும் எச்சரிக்கை. நாட்டோ, ஒகூமே போன்ற மரங்களும், வெறும் சாயமும் அந்தப் பெயரில் விற்கப்படுகின்றன. டாப்பின் நடுவே உள்ள துளையான சவுண்ட்ஹோலின் விளிம்பைப் பாருங்கள். டாப்பின் மேலே தெரியும் ரேகை விளிம்பின் தடிமன் முழுக்கத் தொடர்ந்து இறங்கினால் திட மரம், அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளை.

கடையில் வாசித்துப் பார்க்கும்போது கார்டு அடித்துக் கேட்பதில் பயனில்லை. ஆறாம் கம்பியை உள்ளங்கையால் அமுக்கிக் கட்டைவிரலால் தட்டிக்கொண்டே, மூன்றாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டை அரை ஸ்வரம் தள்ளுங்கள். தள்ளிய ஸ்வரம் பேஸுக்கு மேல் தெளிவாக நிற்கிறதா என்று கேளுங்கள். பிறகு முதல் கம்பி ஐந்தாம் ஃபிரெட்டை மெதுவாக, நடுத்தரமாக, ஓங்கி என மூன்று முறை அடியுங்கள். இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே சத்தமாக இருந்தால் அந்த டாப்பின் எல்லை அதுதான்.

பழைய 000-15எம் என்றால் பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் பிரிட்ஜ் பெயர ஆரம்பித்துவிட்டது. பிறகு நேரான அளவுகோலை ஃபிரெட்களின் மேல் வைத்து பிரிட்ஜ் வரை நீட்டுங்கள். அதன் நுனி பிரிட்ஜ் மரத்தின் மேல் மட்டத்தைத் தொட வேண்டும். கீழே இறங்கி முட்டினால் கழுத்தைக் கழற்றிக் கோணம் மாற்றும் வேலை காத்திருக்கிறது, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள்.