கன்வேயர் டிரைவுக்கு எந்த செயின்: 16பி டூப்ளெக்ஸா, 20பி சிம்ப்ளெக்ஸா?

5.5 கிலோவாட் மோட்டார். அதோடு சேர்ந்த கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் நிமிடத்துக்கு 50 சுற்று. அங்கிருந்து கன்வேயரை இழுக்கும் ஹெட் ஷாஃப்டுக்குப் பாதி வேகத்தில் சுழற்சி போய்ச் சேர வேண்டும். செயின் மாட்டும் பல் சக்கரமான ஸ்பிராக்கெட்டில் சின்னதுக்கு இருக்கிற இடம் ஏறக்குறைய 170 மி.மீ. விட்டம். மில், உரம், தீவனம் என்று எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் இந்த மாதிரி ஒரு டிரைவைப் பார்க்கலாம். இதை வைத்தே கணக்குப் போடுவோம்.

முதலில் வரும் கேள்வி, வி-பெல்ட் போதாதா என்பது. போதாது. அதே 5.5 கிலோவாட்டை 1,440 சுற்று ஓடும் மோட்டார் ஷாஃப்டில், 150 மி.மீ. புல்லியில் எடுத்தால் பெல்ட் வேகம் விநாடிக்கு 11 மீட்டருக்கு மேல். இழுவிசை சுமார் 50 கிலோதான். பெல்ட்டுக்கு அது விளையாட்டு. 50 சுற்று ஷாஃப்டில் முறுக்குவிசை 1,050 நியூட்டன் மீட்டர். 170 மி.மீ. விட்டத்தில் அது 12 கிலோநியூட்டனைத் தாண்டும், அதாவது சுமார் 1,250 கிலோ. வழுக்காமல் இதைப் பிடிக்க எத்தனை பெல்ட், எவ்வளவு இறுக்கம், பேரிங் கதி என்ன என்று யோசித்தால் போதும். வேகமான பக்கத்தில் பெல்ட், மெதுவான பக்கத்தில் செயின். ஹெட் ஷாஃப்டிலேயே நேரடியாக மாட்டுகிற கியர்பாக்ஸுக்குக் காசு இருந்தால் செயினே வேண்டாம், அது வேறு விஷயம்.

சரி, செயின்தான். பலரும் முதலில் கை வைப்பது 16பி சிம்ப்ளெக்ஸ். ஒரு அங்குல பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களின் இடைவெளி), ஒற்றை வரிசை, எல்லாக் கடையிலும் கிடைக்கும். 21 பல் போட்டால் இழுவிசை 12.3 கிலோநியூட்டன். செயினின் முறிவு வலிமை 60. ஐந்து மடங்குகூட இல்லை. முழு மின்னழுத்தத்தையும் ஒரேயடியாகக் கொடுக்கும் டைரக்ட் ஆன்லைன் ஸ்டார்ட்டரில் மோட்டார் கிளம்பும்போது முறுக்கு இரண்டு மடங்கைத் தொடும், அப்போது மிச்சம் இரண்டரை மடங்குக்கும் கீழே. செயின் அன்றைக்கே அறுந்துவிடாது. தினமும் இப்படி வாங்கும் அடியில் பிளேட்டில் விரிசல் விட்டு ஒரு நாள் போகும். இதைத் தள்ளிவிடுகிறேன்.

நிஜமான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். அதே பிட்சில் இரட்டை வரிசையான 16பி டூப்ளெக்ஸில் 21 பல் போட்டால் விட்டம் 170 மி.மீ.; ஒன்றேகால் அங்குல பிட்சில் ஒற்றை வரிசையான 20பி சிம்ப்ளெக்ஸில் 17 பல் போட்டால் 173. ஒரே இடம், கிட்டத்தட்ட ஒரே இழுவிசை. முறிவு வலிமை டூப்ளெக்ஸுக்கு 106, 20பி-க்கு 95 கிலோநியூட்டன். பாதுகாப்பு மடங்கு முறையே 8.6, 7.8. இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் இரண்டும் ஒன்றுதான்.

ஆனால் செயின் பெரும்பாலும் அறுந்து சாவதில்லை, தேய்ந்துதான் சாகிறது. தேய்வு நடப்பது லிங்குகளை இணைக்கும் பின்னுக்கும் அதைச் சுற்றியிருக்கும் புஷ்ஷுக்கும் நடுவே, அங்கே எவ்வளவு அழுத்தம் என்பதே ஆயுளைச் சொல்லும். 20பி-யில் அந்தப் பரப்பு சுமார் 295 சதுர மி.மீ., டூப்ளெக்ஸில் இரண்டு வரிசையும் சேர்த்து 420. அழுத்தம் சதுர மி.மீ.க்கு 20பி-யில் 41 நியூட்டன், டூப்ளெக்ஸில் 29. காகிதத்தில் டூப்ளெக்ஸ் தெளிவாக ஜெயிக்கிறது. பல் அதிகம் என்பதால் ஓட்டமும் சீர்: ஒவ்வொரு பல்லிலும் செயின் ஏறி இறங்குவதால் வரும் வேக ஏற்ற இறக்கம் 17 பல்லில் 1.7 சதவீதம், 21 பல்லில் 1.1. ஆனால் விநாடிக்கு அரை மீட்டர்கூட ஓடாத செயினில் இந்த வித்தியாசத்தை யாரும் உணரப் போவதில்லை. அதற்காகக் காசு கொடுக்க வேண்டாம்.

அப்புறம் ஏன் எனக்கு 20பி பிடிக்கிறது? மேலே சொன்ன 29 என்பது இரண்டு வரிசையும் சுமையைச் சமமாகப் பங்கு போட்டால்தான். நடைமுறையில் அப்படிப் போடுவதில்லை. பவர் அட்டவணைகளே இரட்டை வரிசைக்கு இரண்டு மடங்கு தராமல் 1.7 மடங்குதான் தருகின்றன. அதுவும் இரண்டு ஷாஃப்டும் இணையாக, ஸ்பிராக்கெட்டுகள் நேர்கோட்டில் இருந்தால். சேனல் வெல்டிங் செய்த ஃபிரேமில், ஸ்லைடில் உட்கார்ந்திருக்கும் கியர்பாக்ஸை ஒவ்வொரு முறை இழுத்துக் கட்டும்போதும் கோணம் கொஞ்சம் மாறும். அப்போது டூப்ளெக்ஸின் ஒரு வரிசை உழைக்க, மற்றது வேடிக்கை பார்க்கும். 20பி இந்தக் கோணலை அதைவிட நன்றாகப் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்று அகலம். டூப்ளெக்ஸ் செயினின் பின் நீளம் சுமார் 68 மி.மீ., 20பி-க்கு 43. அகலம் கூடக் கூட இழுவிசையின் மையம் கியர்பாக்ஸ் பேரிங்கிலிருந்து விலகிப் போகும். ஒன்றேகால் டன் இழுக்கும்போது அந்த விலகல் ஆயில் சீலிலும் பேரிங்கிலும் தெரியும். கியர்பாக்ஸ் கேட்லாக்கில் ஷாஃப்டின் பக்கவாட்டுச் சுமை வரம்பைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். எடையிலும் டூப்ளெக்ஸ் மீட்டருக்கு 5 கிலோவுக்கு மேல், 20பி 4 கிலோவுக்குள். ஃபிட்டரைக் கேட்டால் எதை மாட்ட விரும்புவார் என்பது தெரியும்.

மெஷின் செய்த பெட், நிலையான மைய தூரம், தனி டென்ஷனர், ஆயில் பாத் உள்ள மூடிய கவர் என்றால் என் ஓட்டு டூப்ளெக்ஸுக்கு. தூசியில் நிற்கும் ஃபிரேம் கன்வேயருக்கு 20பி.

எதை எடுத்தாலும், கிரீஸை அப்பினால் அது வெளியே உட்கார்ந்து தூசியைச் சேர்க்குமே தவிர பின்னுக்குள் போகாது. எஸ்ஏஇ 30 அல்லது 40 ஆயிலைப் பிளேட்டுகளின் இடைவெளியில் விட வேண்டும். லிங்க் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி மைய தூரத்தை அமைத்தால் அரை லிங்க் (ஒற்றைப்படையாக வரும்போது போடும் வளைந்த இணைப்பு) தேவைப்படாது. வலிமை குறைகிற இடம் அதுதான். தேய்வுக்கு 16 பிட்சை அளந்து பாருங்கள்: 20பி-யில் புதிதாக 508 மி.மீ., 518-ஐத் தாண்டினால் இரண்டு சதவீதம் நீண்டாயிற்று, மாற்றுச் செயினை ஆர்டர் செய்யலாம்.

ஆர்டர் செய்யும்போது 'ஒரு இஞ்ச் டூப்ளெக்ஸ்' என்று மட்டும் சொல்லக் கூடாது. அமெரிக்க முறையின் 16ஏ-யும் ஐரோப்பிய 16பி-யும் பிட்சிலும் ரோலர் விட்டத்திலும் ஒன்றே. உள் அகலம் 15.75-க்கு 17.02, இரண்டு வரிசைகளின் இடைவெளி 29.29-க்கு 31.88 மி.மீ. ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் மற்றதன் டூப்ளெக்ஸ் உட்காரவே உட்காராது.